கொல்லுப் பட்டறையிலிருந்து ஓர் ஓவியர்



ஆண்டு மலர் என்றால் ஒரு விஞ்ஞானி வருவார், ஒரு தலைவர் வருவார். எடிசன் வருவார், விஸ்வேஸ்வரய்யா வருவார். நான் ஓர் ஓவியரைப் பற்றி எழுதப் போறேன். டிப்ளமோ படிக்கிற நமக்கு ஓவியர் எதுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இவர் நம்ம ஆளு. கொல்லன் மகன். தண்ணீரும் வண்ணமும் வைத்து வானத்தையும் மலையையும் காற்றையும் காகிதத்தில் கொண்டுவந்தவர். அதைப் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். பெயர் டேவிட் காக்ஸ். இங்கிலாந்து நாட்டுக்காரர்.

பட்டறையில் பிறப்பு

1783-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி பர்மிங்ஹாம் நகரத்தில் டெரிடெண்ட் என்ற பகுதியில் காக்ஸ் பிறந்தார். மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பர்மிங்ஹாம் புது ஊர் இல்லை. ஜேம்ஸ் வாட் கூட்டாளியோடு சேர்ந்து நீராவி எஞ்சின் செய்த ஊர் அது. பொத்தான், ஆணி, துப்பாக்கி என்று தெருவுக்குத் தெரு பட்டறை. காக்ஸின் அப்பா ஜோசப்பும் அப்படி ஒரு பட்டறைக்காரர்தான். குதிரை லாடமும் துப்பாக்கி முனையில் செருகும் கத்தியும் அடித்துக் கொடுப்பார். அம்மா ஒரு விவசாயி வீட்டுப் பெண். நாலு எழுத்து தெரிந்தவர்.

பையனுக்கு ஆறேழு வயது இருக்கும்போது கீழே விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. படுக்கையில் கிடந்த பிள்ளைக்குப் பொழுது போக ஒரு சின்ன வண்ணப் பெட்டி கிடைத்தது. அவர் முதலில் வண்ணம் தீட்டியது எதில் தெரியுமா? கூட்டாளிப் பையன்கள் விடுகிற காற்றாடியில். கால் கூடியது. ஆனால் பெட்டி கையை விட்டுப் போகவில்லை.

அப்பா பட்டறையில் நிறுத்திப் பார்த்தார். பையன் உடம்புக்குச் சம்மட்டி தாங்கவில்லை. அதனால் ஊரில் ஜோசப் பார்பர் என்பவர் நடத்திய சித்திர வகுப்புக்கு அனுப்பினார்கள். சுமார் 15 வயதில், கழுத்துச் சங்கிலி டாலரில் குட்டிப் படம் வரைகிற ஒரு தொழிலாளியிடம் பழகப் போனார். அந்த மாஸ்டர் கொஞ்ச காலத்திலேயே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பழக வந்த பிள்ளை நடுத்தெருவில் நின்றது.

அடுத்து நாடகக் கொட்டகை. முதலில் மற்றவர்களுக்கு வண்ணம் அரைத்துக் கொடுக்கிற எடுபிடி வேலை. பிறகு மேடைக்குப் பின்னால் தொங்குகிற பெரிய திரைச் சீலைகளை வரைகிற வேலை. விரல் நகம் அளவு டாலரில் ஆரம்பித்த கை, வீட்டுச் சுவர் அளவு சீலைக்கு வந்துவிட்டது. யாரும் திட்டம் போட்டுப் படிக்க வைக்கவில்லை. கிடைத்த வேலையே பள்ளிக்கூடம்.

வார்லி வீட்டுக் கதவு

1804-ல், 21 வயதில், காக்ஸ் லண்டனுக்கு வந்தார். நம்பி வந்த கொட்டகை வேலை சரியாக அமையவில்லை. சதுர கஜக் கணக்கில் திரைச் சீலை வரைந்து கூலி வாங்கினார். மீதி நேரத்தில் சின்னச் சின்ன இயற்கைக் காட்சிகள் வரைந்து கடைக்காரரிடம் விற்றார். ஒரு டஜன் படத்துக்கு 2 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். நம்ம கணக்கில் போட்டால் ஒரு படம் மூன்றரை ஷில்லிங். வெளியூர் சித்திர வாத்தியார்கள் அவற்றை வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துக் காப்பி எடுக்கச் சொல்வார்கள். ஆக, காக்ஸ் வாத்தியார் ஆவதற்கு முன்பே அவர் படங்கள் வாத்தியார் வேலை பார்த்துவிட்டன!

அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் நீர்வண்ணம், அதாவது வாட்டர் கலர், தலை தூக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் வண்ணம்தான் உசத்தி, தண்ணீர் வண்ணம் சும்மா குறிப்பு எடுக்கத்தான் என்ற எண்ணத்தை மாற்ற, 1804-ல் சில ஓவியர்கள் சேர்ந்து ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் ஜான் வார்லி. காக்ஸைவிட 5 வயதுதான் பெரியவர். ஜோசியப் பைத்தியம். எப்போதும் கடன். ஆனால் லண்டனில் அவரைப் போல நீர்வண்ணம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்று பெயர்.

காக்ஸ் காசு கொடுத்து அவரிடம் பாடத்துக்குச் சேர்ந்தார். சில பாடம் முடிந்ததும், வந்திருப்பது பொழுதுபோக்குக்கு வரைகிற பணக்காரர் இல்லை, வரைந்து பிழைக்கிற ஒரு தொழிலாளி என்று வார்லிக்குத் தெரிந்தது. உடனே காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எப்போது வேண்டுமானாலும் வரலாம், நான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து விட்டார்.

நண்பர்களே, என் கட்டுரையே இந்த ஒரு இடத்துக்காகத்தான். கடனில் இருக்கிறவர் காசை விட்டார். அதைவிடப் பெரிசு, தன் கை வேலையை மறைக்காமல் காட்டினார்.

தண்ணீரின் பதம்

இதில் என்ன பெரிசு, புத்தகம் பார்த்துப் படிக்கலாமே என்று கேட்கலாம். நீர்வண்ணத்தில் முடியாது. ஏன் என்று சொல்றேன்.

முதல் விஷயம், இதில் வெள்ளை வண்ணம் என்பது பெரும்பாலும் காகிதம்தான். மேகம் வெள்ளையாக வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். வெளிச்சத்தில் ஆரம்பித்து அடர்த்திக்குப் போக வேண்டும். லேத்தில் கடைந்து தள்ளிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா? அதே மாதிரிதான் இதுவும். இருட்டாக்கிய இடத்தைத் திரும்ப வெளிச்சமாக்குவது ரொம்பக் கஷ்டம்.

இரண்டாவது, வாஷ். வானம் முழுக்க ஒரே சீராக வண்ணம் பரப்புவதற்கு அந்தப் பெயர். பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, தூரிகை நிறைய வண்ணத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோட்டின் அடியில் தண்ணீர் மணி போல உருண்டு நிற்கும். அடுத்த கோடு அந்த மணியைத் தொட்டு இழுக்க வேண்டும். இப்படியே கீழே வரை. நடுவில் நிறுத்தினால் தடம் விழும். பிசிக்ஸில் பரப்பு இழுவிசை படித்தோமே, அது இங்கே காகிதத்தின் மேல் வேலை செய்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். பதம். காகிதம் நன்றாக ஈரமாக இருக்கும்போது அடுத்த வண்ணத்தைத் தொட்டால் அது பரவி மேகமாகும். பாதி காய்ந்த நேரத்தில் தொட்டால் ஓரத்தில் பூப்பூவாகக் கறை விழும். முழுக்கக் காய்ந்த பிறகு தொட்டால் கோடு கத்தி போல நிற்கும். எந்த நிமிஷம் எது என்று புத்தகத்தில் எழுத முடியாது. ஊருக்கு ஊர், காகிதத்துக்குக் காகிதம், வெயிலுக்கு வெயில் மாறும். காகிதத்தின் மேல் அந்த ஈர மினுமினுப்பு எப்போது அடங்குகிறது, அப்போது கை என்ன செய்கிறது என்று தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால்தான் பிடிபடும். பாகு காய்ச்சுகிற அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்காமல் கம்பிப் பதம் யாருக்காவது வந்திருக்கிறதா?

எங்கப்பா கற்ற கதை

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் இருக்கு. எங்கப்பாவும் கொல்லர்தான். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள்.

எங்கப்பா சின்ன வயசில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். துருத்தி ஊத, கரி அள்ள, சம்மட்டி அடிக்க, எல்லாத்துக்கும் அவர் வேணும். ஆனால் உளிக்குப் பதம் வைக்கிற நேரம் வந்தால் முதலாளி டீ வாங்க அனுப்பிவிடுவாராம். சூடான எஃகு மேல் நிறம் ஓடும். சுமார் 230 டிகிரியில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, 300-க்குப் பக்கத்தில் நீலம். எந்த நிறத்தில் தண்ணீரில் முக்க வேண்டும் என்பதில்தான் தொழிலே இருக்கு. நீலத்துக்குப் போய்விட்டால் கல் உளி மழுங்கும். முக்கவேண்டியதற்கு முன்னாடியே முக்கினால் நுனி உடைந்து தெறிக்கும். இதை நமக்கு மெட்டலர்ஜி வகுப்பில் ஒரு மணி நேரத்தில் அட்டவணை போட்டு எழுதிப் போட்டுவிட்டார்கள். எங்கப்பாவுக்கு இது தெரிய ஆறு வருஷம் ஆச்சு. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தட்டிச் சந்து வழியாகப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம்.

அந்த முதலாளியையும் நான் குறை சொல்ல முடியாது. சொல்லிக் கொடுத்தால் பையன் எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்ற பயம். அவருக்கும் யாரோ தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் தொழில் கொடுத்திருப்பார்கள். ஆனால் வார்லிக்கும் அந்தப் பயம் வந்திருக்கலாம் இல்லையா? காக்ஸ் அதே ஊரில், அதே தொழிலில் பிழைக்க வந்தவர். வார்லி அவரை டீ வாங்க அனுப்பவில்லை.

சித்திர வாத்தியார்

1808-ல் காக்ஸ் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள் மேரி ராக் என்பவரை மணந்தார். அடுத்த வருடம் ஒரு மகன். காக்ஸும் பாடம் எடுக்கத் தொடங்கினார். முதலில் ஒரு பாடத்துக்கு 5 ஷில்லிங், பெயர் வந்த பிறகு 10 ஷில்லிங். 1812-ல் நீர்வண்ண ஓவியர் சங்கத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

1814-ல் இயற்கைக் காட்சி வரைவது பற்றி ஒரு பெரிய பாடப்புத்தகம் வெளியிட்டார். அதில் எழுத்தைவிடப் படம்தான் பேசும். முதலில் வெறும் கோடு, அடுத்து வெளிச்சமும் நிழலும், அதற்கு அடுத்து வண்ணம் என்று படிப்படியாகக் காட்டியிருப்பார். முன்னால் உட்கார்ந்து வரைந்து காட்ட முடியாத தூரத்தில் இருக்கிற மாணவனுக்கு, வரைகிற ஒவ்வொரு கட்டத்தையும் நிறுத்திக் காட்டியது மாதிரி. நம்ம எஞ்சினியரிங் டிராயிங் புத்தகத்தில் ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் இரண்டு என்று வருமே, அதே புத்தி. அதில் அவர் வற்புறுத்துகிற கருத்தும் எளிமையானது. இடத்துக்கு ஏற்ற பொழுதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமைதியான குடிசைக்கு அமைதியான வெளிச்சம், வெட்டவெளிக்குக் காற்றும் மேகமும்.

அதே ஆண்டு கடைசியில் ஹியர்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. வாரம் 2 நாள் பாடம், வருடத்துக்கு 100 பவுண்டு. குடிபோகக் கையில் காசில்லை. மாணவியாக இருந்த ஒரு சீமாட்டி 40 பவுண்டு கொடுத்து உதவினார். அந்த ஊர் ஆண்கள் பள்ளியிலும் சொல்லிக் கொடுத்தார். அங்கே வருடத்துக்கே 6 கினிதான். அந்தக் கால சித்திர வாத்தியார் வேலை என்பதே பிள்ளைகளுக்கு முன்னால் வரைந்து காட்டுவதுதான். வாத்தியார் வரைவார், பிள்ளைகள் பார்த்து வரையும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து காட்ட வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் மீதி நாளில் பக்கத்து வேல்ஸ் மலைகளுக்குப் போய் தனக்காக வரைந்துகொண்டார். 1827 வரை அந்த ஊர்தான். பிறகு மறுபடி லண்டன், மறுபடி மாணவர்கள்.

57 வயது மாணவர்

இப்போது சொல்லப் போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1840 வாக்கில் காக்ஸுக்கு வயது 57. நாடு முழுக்கப் பெயர். சங்கத்தில் மூத்த உறுப்பினர். எண்ணெய் வண்ணத்தையும் ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அப்போது வில்லியம் ஜேம்ஸ் முல்லர் என்ற இளைஞர் கிரீஸ், எகிப்து நாடுகளுக்கெல்லாம் போய்விட்டு வந்து வேகமாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். அவர் 1812-ல் பிறந்தவர். காக்ஸின் மகனைவிட இளையவர்!

காக்ஸ் அவர் ஸ்டுடியோவுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வரைவதைப் பார்த்தார். 36 வருடத்துக்கு முன்னால் வார்லிக்குப் பின்னால் எப்படி நின்றாரோ அதே மாதிரி. முல்லரும் மறைக்கவில்லை. பாவம், அந்த இளைஞர் 33 வயதில் 1845-ல் இறந்துவிட்டார். அவரிடம் பார்த்துக் கற்றதை வைத்து அந்த முதியவர் பல வருடம் வரைந்தார்.

நமக்கு ஜூனியரிடம் ஒரு சந்தேகம் கேட்கவே நாக்கு வராது. அவர் கேட்டார்.

காகிதமும் பலகையும்

1841-ல் மாணவர்களை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பர்மிங்ஹாம் பக்கத்தில் ஹார்போர்ன் என்ற ஊருக்குக் குடிபோனார். அதற்குள் அவருக்கென்று ஒரு பாணி வந்துவிட்டது. அதற்கு ஒரு காகிதமும் காரணம். 1836-ல் ஸ்காட்லாந்தில் பொட்டலம் கட்டுவதற்காகச் செய்த சொரசொரப்பான காகிதம் ஒன்று அவர் கைக்கு வந்தது. தண்ணீரை நன்றாகப் பிடித்தது. ஒரு ரீம் வரவழைத்தார். எடை 280 பவுண்டு, அதாவது நம்ம கணக்கில் சுமார் 127 கிலோ! விலை 11 பவுண்டு. அதில் அங்கங்கே கறுப்புப் புள்ளி இருக்கும். வானத்தில் புள்ளி வந்தால் அதற்கு இரண்டு சிறகு போட்டுப் பறவையாக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. மட்டக் காகிதம் என்று மற்றவர்கள் ஒதுக்கியதில்தான் அவருடைய காற்றும் மழையும் வந்தன. பிற்காலத்தில் அந்த மாதிரிக் காகிதத்துக்கே காக்ஸ் காகிதம் என்று பெயர் வந்துவிட்டது.

1844 முதல் 1856 வரை வருடா வருடம் வேல்ஸ் நாட்டில் பெட்டுசி கோய்ட் என்ற மலைக் கிராமத்துக்குப் போனார். அவரைத் தேடி இளம் ஓவியர்களும் அங்கே கூடினார்கள். கிராமமே ஓவியர் கிராமம் ஆகிவிட்டது. 1847-ல், தன் 64-ஆவது வயதில், அங்கிருந்த சத்திரத்துக்குப் பெயர்ப்பலகை வரைந்து கொடுத்தார். பெரிய ஓவியர் பெயர்ப்பலகை எழுதலாமா என்று அவர் யோசிக்கவில்லை. கொட்டகைச் சீலை வரைந்து வந்தவர்தானே!

1853-ல் பக்கவாதம் தாக்கியது. பார்வையும் நினைவும் மங்கின. ஆனாலும் தூரிகையை வைக்கவில்லை. 1859 ஜூன் 7-ஆம் தேதி, 76 வயதில் காலமானார். 1882-ல் அவருடைய எண்ணெய் வண்ணப் படங்களின் பெரிய தொகுப்பு ஒன்று பர்மிங்ஹாம் நகரத்துக்கு அன்பளிப்பாக வந்தது. கொடுத்தவர் யார் தெரியுமா? ஜோசப் நெட்டில்ஃபோல்ட் என்ற ஸ்க்ரூ உற்பத்தியாளர். பட்டறை ஊரின் பிள்ளை வரைந்த படத்தைப் பட்டறை ஊர்க்காரரே ஊருக்குக் கொடுத்தார்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். டிராயிங் ஷீட்டை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று வீட்டில் கேட்க ஆள் கிடையாது. ஐசோமெட்ரிக் வியூ வராமல் ராத்திரி ரெண்டு மணிக்கு அழிரப்பரால் ஷீட்டைக் கிழிக்கிறவன் ஹாஸ்டலில் ரூமுக்கு ஒருத்தன் இருக்கான். அதே வராந்தாவில் அதை அரை மணியில் முடிக்கிறவனும் இருக்கான். மதிப்பெண் போட்டி என்று ஷீட்டைத் திருப்பி வைத்துக்கொள்வதும் உண்டு. பயம் புரியுது. ஆனால் அதுதான் அந்தத் தட்டி. எங்கப்பாவை ஆறு வருஷம் வெளியே நிறுத்திய தட்டி.

காப்பி கொடுக்கச் சொல்லவில்லை. முடித்த ஷீட்டைக் கொடுத்தால் அவன் ஒன்றும் கற்க மாட்டான். போடும்போது பக்கத்தில் நிற்க விடுங்கள், அது போதும். செட் ஸ்கொயரை எப்படித் திருப்புகிறீர்கள், லேத்தில் டூலை எந்த உயரத்தில் கட்டுகிறீர்கள் என்று அவன் கண் பார்த்துக்கொள்ளும். தெரியாதவன் கூச்சப்படாமல் ஜூனியர் பக்கத்திலும் போய் நிற்கட்டும். 57 வயதில் ஒருவர் நின்றிருக்கிறார்.

வரும் செமஸ்டரில் சனிக்கிழமை சாயங்காலம் டிராயிங் ஹாலைத் திறந்து வைக்க மாணவர் பேரவை அனுமதி கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். யார் வேண்டுமானாலும் வரலாம், போடுகிறவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எனக்குத் தெரிந்த வரைக்கும் நானும் ஒரு பலகையில் போட்டுக் காட்டத் தயார். எங்கப்பாவிடம் கேட்டிருக்கேன். ஒரு சனிக்கிழமை அவரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, உளிக்கு வைக்கோல் நிறம் ஏறும் நேரத்தை நம்ம கண் முன்னாலேயே காட்டுவதாகச் சொல்லியிருக்கார். அன்றைக்கு டீ நான் வாங்கி வருகிறேன். ஆனால் அவர் பதம் வைத்து முடித்த பிறகுதான்!



– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை